சாப்ட்பால்: ஆட்டக்காரரை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

சாப்ட்பாலில் நன்றாக ஆடும் குழுகூட பெயர்ப்பட்டியலில் செய்யும் பிழையால் தோற்கலாம். பள்ளிக் குழுக்களின் பயிற்றுநர்களும் மாணவர்களும் சில அனைத்துலக விதிகளை அறிந்திருப்பது நல்லது.

பட்டியல்: ஒரு குழுவுக்கு 9 பேர். பந்தடிக்கும் வரிசைப்படி பெயர், சட்டை எண், நிற்கும் இடம் ஆகியவற்றை எழுதி நடுவரிடம் தர வேண்டும். தடுப்பாட்டக்காரர் ஒருவருக்குப் பதிலாகப் பந்தடிக்க ‘டிபி’ என ஒருவரைச் சேர்த்தால் 10 பேர். அந்தத் தடுப்பாட்டக்காரர் ‘ஃபிளெக்ஸ்’. அவர் பெயர் பத்தாவதாக வரும்.

மாற்றம்: தொடக்க ஆட்டக்காரர் வெளியேறினால் ஒரு முறை மட்டும் திரும்பலாம், அதுவும் தமக்குரிய பந்தடி வரிசையிலேயே. மாற்று ஆட்டக்காரர் வெளியேறினால் மீண்டும் வர முடியாது. எனவே மாற்று ஆட்டக்காரரை இறக்குமுன் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே நடுவரிடம் தெரிவிக்க வேண்டும்.

வரிசை தவறினால்: தவறானவர் அடித்து முடித்து, அடுத்த பந்து வீசப்படுமுன் எதிரணி முறையிட்டால், அடித்திருக்க வேண்டியவரே ‘அவுட்’. அந்த அடியால் கிடைத்த ஓட்டங்களும் செல்லாது. பாதியிலேயே கண்டுபிடித்தால் உரியவர் வந்து அதே எண்ணிக்கையில் தொடரலாம். யாரும் ‘அவுட்’ இல்லை.

ஆகவே, பட்டியலின் நகல் ஒன்றை ஆட்டம் முடியும்வரை கையில் வைத்திருங்கள்.