கையை வைத்துப் பார்த்தவர்கள்

1896இல் எக்ஸ்ரே எடுப்பவர் நோயாளியைப் படுக்க வைப்பதற்கு முன் ஒரு வேலை செய்தாக வேண்டும். தன் கையைக் கதிருக்கு முன்னால் நீட்டி, அந்தப் பக்கம் ஒளிரும் திரையில் விழும் நிழலைப் பார்க்க வேண்டும். அன்றைய எக்ஸ்ரே குழாய்க்குள் சிறிது காற்று மிச்சம் இருக்கும். குழாய் ஓட ஓட அந்தக் காற்று குறையும், கதிரின் தன்மையும் மாறும். கதிர் ‘கடினமாகி’விட்டால் எலும்பையும் துளைத்துக்கொண்டு போய் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். ‘மென்மை’யாக இருந்தால் சதையே கறுப்பாக மறைத்துவிடும். நேற்று சரியாக இருந்த குழாய் இன்று சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதை அளந்து பார்க்கக் கைக்கு மிக அருகில் இருந்த கருவி, கைதான். ஒரு நாளில் எத்தனை நோயாளிகளோ, கிட்டத்தட்ட அத்தனை தடவை அந்தக் கை நீண்டது.

இயற்பியலாளர் ரான்ட்ஜன் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் இந்தக் கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8ஆம் தேதி. அவர் காப்புரிமை வாங்கவில்லை. கண்ணாடிக் குழாயும் மின்சுருளும் அப்போதே கல்லூரி இயற்பியல் கூடங்களில் இருந்தன. அதனால் சில மாதங்களுக்குள் புகைப்படக்காரர்கள், மின்பொறியாளர்கள், மருத்துவர்கள், கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள் என்று யார் யாரோ இந்த வேலையில் இறங்கினார்கள். படிப்பும் இல்லை, சட்டமும் இல்லை. ஒரு தொழில் அப்படித்தான் பிறந்தது.

ஆபத்து தெரியாமல் இருந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. அமெரிக்கப் பொறியாளர் எலிஹு தாம்சன் 1896லேயே தன் இடக் கைச் சுண்டு விரலை வேண்டுமென்றே சில நாள் கதிரில் காட்டி, அது கொப்புளித்துப் புண்ணானதை எழுதி எச்சரித்தார். பாஸ்டன் பல் மருத்துவர் வில்லியம் ராலின்ஸ் 1901இல் கினிப்பன்றிகள் மீது கதிரைப் பாய்ச்சி, அவை செத்துப்போவதைக் காட்டினார். குழாயைக் கதிர் ஊடுருவாத பெட்டிக்குள் வையுங்கள், தேவையான இடத்தில் மட்டும் கதிர் படும்படி மற்ற இடத்தை மூடுங்கள், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போடுங்கள் என்றார். இன்றைக்கும் எக்ஸ்ரே அறையில் பின்பற்றப்படுவது ஏறக்குறைய அதுதான். கேட்டவர்கள் சிலரே. கதிர் பட்ட அன்று வலிக்காது. நாட்கள் கழித்துத் தோல் சிவக்கும்போது பழி வேறெதன் மீதாவது விழும்: மின்சாரத்தால் வந்தது என்றார்கள், படம் கழுவும் மருந்தால் வந்தது என்றார்கள்.

தாமஸ் எடிசனிடம் வேலை பார்த்தவர் கிளாரன்ஸ் டாலி. கண்ணாடி ஊதுவது அவர் தொழில். எக்ஸ்ரே படத்தை நேரடியாகக் கண்ணால் பார்க்கத் தோதான திரையைத் தேடி எடிசன் ஆயிரக்கணக்கான பொருட்களைச் சோதித்தார். சோதனைகளில் குழாய்க்கு முன் நின்றவர் டாலி. 1896இல் நியூயார்க்கில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் மக்கள் தங்கள் கை எலும்பைப் பார்த்து வியந்தார்கள். அந்தப் புகழின் பின்னால் டாலியின் இடக் கை புண்ணாகிக்கொண்டிருந்தது. அது வலித்ததும் வலக் கையை நீட்டத் தொடங்கினார்! புண் புற்றானது. இடக் கையை மணிக்கட்டுக்கு மேல் வெட்டினார்கள், பிறகு வலக் கை விரல்களை, கடைசியில் இரு கைகளையும் இன்னும் மேலே வெட்ட வேண்டியதாயிற்று. 1904 அக்டோபரில் 39 வயதில் டாலி இறந்தார். டாலிக்கு நேர்ந்ததைக் கண்டு எடிசன் எக்ஸ்ரே ஆராய்ச்சியைக் கைவிட்டார். இந்தத் துறையில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் வகுப்பில் ரான்ட்ஜன் பெயரோடு டாலி பெயரையும் சொல்லித்தர வேண்டும்.

சான்பிரான்சிஸ்கோவின் எலிசபெத் ஃப்ளைஷ்மன் கணக்கு எழுதும் வேலையை விட்டு எக்ஸ்ரேக்கு வந்தவர். மருத்துவப் பட்டம் கிடையாது. ஆனால் ஸ்பெயின்–அமெரிக்கப் போரில் அடிபட்டு பிலிப்பைன்ஸிலிருந்து திரும்பிய வீரர்களின் உடலில் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று துல்லியமாகக் காட்டியதால் ராணுவ மருத்துவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். கதிரைக் கண்டு அஞ்சிய நோயாளிகளுக்குத் தைரியம் சொல்ல, முதலில் தானே அதன் முன் நிற்பார். 1905 தொடக்கத்தில் அவரது வலக் கை வெட்டப்பட்டது. ஆகஸ்டில் இறந்தார். ஃபிலடெல்ஃபியா மருத்துவர் மிஹ்ரான் கசாபியன் தன் கைகள் அழிந்துவருவதைத் தானே படமெடுத்துப் பதிவு செய்தார். 1910இல் அவரும் புற்றுநோயால் இறந்தார்.

கையை விடுவித்தது ஒரு புதிய குழாய். ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் வில்லியம் கூலிட்ஜ் 1913இல் உருவாக்கிய குழாயில் காற்றுக்கு வேலையே இல்லை. சூடான டங்ஸ்டன் இழையிலிருந்து எலக்ட்ரான் வரும். இழையின் சூட்டைக் கூட்டினால் கதிரின் அளவு கூடும், மின்னழுத்தத்தைக் கூட்டினால் ஊடுருவும் சக்தி கூடும். காலையில் வைத்த அளவு மாலையிலும் அப்படியே இருக்கும். கையை வைத்துப் பார்க்கும் அவசியம் இல்லாமல் போயிற்று.

குழாய் மாறியதால் மட்டும் ஆபத்து தீரவில்லை. முதல் உலகப் போரில் மேரி கியூரி எக்ஸ்ரே கார்களை ஓட்டிக்கொண்டு போர்முனைக்குப் போனார், சுமார் 150 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நாளெல்லாம் கதிருக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பெண்களுக்குப் போதிய காப்பு இல்லை. போருக்குப் பிறகு, 1921இல், பிரிட்டனில் எக்ஸ்ரே, ரேடியம் பாதுகாப்புக் குழு வெளியிட்ட பரிந்துரைகளைப் படித்தால் அந்தத் தொழிலாளர்களின் நாளும் பொழுதும் கண்ணுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஞாயிறு விடுமுறை, வாரத்தில் இன்னும் இரண்டு அரை நாள் விடுப்பு. அந்த நேரத்தை முடிந்தவரை திறந்த வெளியில் கழிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு மாத விடுமுறை. ஈயத் தடுப்பைப் பற்றிச் சொன்ன அதே அறிக்கை ஓய்வைப் பற்றியும் சொன்னது. கருவிக்குச் சட்டம் போடும் பலருக்கு இந்த இரண்டாவது பாதி இன்றும் மறந்துபோகிறது. 1928இல் ஸ்டாக்ஹோமில் கூடிய மாநாடு இதைப் போன்ற விதிகளை உலகத்துக்குப் பொதுவாக்க ஒரு சர்வதேசக் குழுவை அமைத்தது. கதிரால் இறந்துபோனவர்களின் பெயர்களை ஹாம்பர்க்கின் புனித ஜார்ஜ் மருத்துவமனையில் 1936இல் கல்லில் பொறித்தார்கள். முதலில் இருந்தவை 15 நாடுகளைச் சேர்ந்த 169 பெயர்கள்.

இன்னொரு ஆபத்து ஃபிலிமில் இருந்தது. பழைய எக்ஸ்ரே ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது, எளிதில் பற்றும். 1929 மே 15 அன்று அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில், அடித்தளத்தில் அடுக்கி வைத்திருந்த ஃபிலிம்கள் எரிந்தன. நச்சுப் புகையில் 123 பேர் இறந்தார்கள். எளிதில் பற்றாத ஃபிலிமுக்கு மருத்துவமனைகள் வேகமாக மாறியது அதற்குப் பிறகுதான்.

சென்னையில் கேப்டன் டி. டபிள்யூ. பார்னார்டின் முயற்சியால் அரசு பொது மருத்துவமனை வளாகத்தில் பார்னார்ட் கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டது. இங்கே எக்ஸ்ரே வேலை என்பது பல பத்தாண்டுகளுக்கு டார்க் ரூம் வேலையாகவே இருந்தது. மங்கலான சிவப்பு விளக்கில் கேசட்டைத் திறந்து, ஃபிலிமை நான்கு மூலையிலும் ஹேங்கரில் மாட்டி, டெவலப்பர் தொட்டியில் இறக்க வேண்டும். மருந்தின் சூடு 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் படம் நன்றாக வரும். மே மாத வெயிலில் அது எங்கே நிற்கும்? வெயில் ஊர்களில் தொட்டியைச் சுற்றியுள்ள தண்ணீரில் ஐஸ் கட்டியைப் போடுவார்கள். பிறகு கழுவி, ஃபிக்சரில் முக்கி, ஓடும் தண்ணீரில் அலசி, துணி போலக் கொடியில் காயப்போட வேண்டும். ஃபிக்சரின் புளித்த நெடி சட்டையோடு வீட்டுக்கும் வரும். அவசரமென்றால் சொட்டச் சொட்ட ஈரப் படத்தையே டாக்டரிடம் கொண்டு ஓடுவார்கள். தீர்ந்த ஃபிக்சரிலும் பழைய ஃபிலிமிலும் வெள்ளி இருப்பதால் அவற்றை விலைக்கு வாங்க ஆட்கள் வருவதும் உண்டு.

1956இல் கோடக் கொண்டுவந்த தானியங்கி இயந்திரம் ஆறு நிமிடத்தில் காய்ந்த படத்தைத் தந்தது, 1965இல் அது 90 விநாடியாயிற்று. 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டன் விம்பிள்டனில் ஒரு பெண்ணின் மூளையை காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. ஸ்கேன் முதன்முதலாகப் படமெடுத்தபோது, கணக்குப் போட காந்த நாடாவை ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் கணினிக்கு எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. இன்று சி.டி. படம் எடுத்த கையோடு திரையில் வருகிறது. டார்க் ரூமே இல்லாத மருத்துவமனைகளில் புதிய டெக்னீஷியன்கள் வேலைக்குச் சேர்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓரிடத்தில் கை மறுபடியும் கதிருக்குள் வந்திருக்கிறது. கேத் லேப் எனப்படும் சிகிச்சை அறையில் இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் மருத்துவர், எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே குழாய்க்குள் கம்பியை நகர்த்த வேண்டும். அவரும் பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியனும் செவிலியரும் ஈய அங்கியின் பாரத்தோடு மணிக்கணக்கில் நிற்கிறார்கள். தலைக்கும் கண்ணுக்கும் அங்கி எட்டாது. நோயாளி உடலில் பட்டுச் சிதறும் கதிர் கண்ணின் லென்ஸில் புரையை உண்டாக்கும். அது நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே நேர்கிறது என்று தெரிந்ததும், 1928 குழுவின் வாரிசான சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் லென்ஸுக்கான ஆண்டு வரம்பை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து சராசரியாக 20ஆகக் குறைத்தது. ஈயக் கண்ணாடியும், கூரையிலிருந்து தொங்கும் ஈயத் திரையும் வாங்கித் தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை. அங்கிக்குள் மார்பில் குத்தியிருக்கும், கதிரை அளக்கும் ஒரு பேட்ஜ், கண் வாங்கிய கதிரைச் சொல்லாது. அதைத் தனியாக அளக்கக் கழுத்தருகே, அங்கிக்கு வெளியே, இன்னொரு பேட்ஜ் வேண்டும்.