புள்ளி இல்லாத ஓலையும் ஃபார்மேட் ஆன் சேவும்

போன மாசம் ஒரு பழைய பைதான் புராஜெக்டைக் கையில் எடுத்தேன். எடிட்டரில் பிளாக் ஃபார்மேட்டரை இணைத்து, சேவ் பண்ணும்போதே ஓடுகிற மாதிரி செட்டிங்கையும் போட்டாச்சு. ஒரு வரி திருத்தி சேவ் பண்ணினேன். டிஃபில் 600 வரி மாறியிருக்கு! யார் எந்த வரியை எப்போது எழுதினார்கள் என்று காட்டும் கிட் பிளேமில் எட்டு வருஷ வரலாறும் என் பெயரில் வந்து நின்றது.

இதே வேலையைக் கையால் செய்தவர் நம்ம பக்கத்துக்காரர். பாபநாசம் பக்கம் உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855ல் பிறந்த உ.வே.சாமிநாதையர். 1880ல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். அதே வருஷம் அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பாடம் கேட்க விரும்பினார். அதில் தொடங்கிய ஏட்டுத் தேடல் 1887ல் அச்சுப் புத்தகமாக முடிந்தது.

ஏட்டில் என்ன சிக்கல்? சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. செய்யுளுக்கு அடி பிரிப்பு இல்லை. மூலமும் உரையும் ஒரே ஓட்டமாகப் போகும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். குத்தினால் ஓலை பொத்தலாகும் என்று காரணம் சொல்வதுண்டு. 'மன்னன்' என்பது 'மனனன' என்றிருக்கும். பழைய முறையில் குறில் எகரத்துக்குத்தான் புள்ளி, நெடிலுக்கு இல்லை. அந்தப் புள்ளியும் போனால் 'எரி' என்பது நெருப்பா, தண்ணீர் நிற்கும் ஏரியா? டெல்டாக்காரனுக்கு இது சின்ன வித்தியாசமில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் குறில் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். ஆனால் ஓலை எழுதுகிறவர்கள் பழைய வழக்கத்தைச் சட்டென்று விட்டுவிடவில்லை.

இங்கேதான் ஃபார்மேட்டருக்கும் பதிப்பாசிரியருக்கும் வழி பிரிகிறது. 2009ல் கோ மொழியோடு வந்த கோஃபம்ட்டோ, 2018ல் வந்த பிளாக்கோ, முதலில் நிரலைப் பாகுபடுத்தி ஒரு மரமாக்கும். பிறகு அந்த மரத்திலிருந்து வரிகளைப் புதிதாக எழுதும். பிளாக் ஒரு படி மேலே போய், முன்பிருந்த மரமும் பின்பு வந்த மரமும் ஒன்றுதானா என்று சரிபார்க்கும். இல்லையென்றால் கோப்பைத் தொடாது. அதாவது அர்த்தம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, அலங்காரம்தான் பாக்கி. உ.வே.சா.வுக்கோ தலைகீழ். அர்த்தம் புரிந்தால்தான் புள்ளியே வைக்க முடியும். சமண சமயக் கருத்து புரியாத இடங்களில் கும்பகோணத்து ஜைனர்களிடம் போய்க் கேட்டார். எந்த எடிட்டர் பிளகின் இப்படி வீட்டுக் கதவைத் தட்டும்?

(உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தொலைவில் கிடக்கும் சொற்களை இழுத்துவந்து சேர்த்துப் பொருள் சொல்வார். பிளாக் அவரை உள்ளேயே விட்டிருக்காது.)

எனக்கு உறைத்தது வேறொரு விஷயம். உ.வே.சா. பதிப்புகளில் ஏட்டுக்கு ஏடு மாறும் பாடங்கள் பிரதிபேதம் என்று தனியே குறிக்கப்பட்டிருக்கும். 1894ல் வந்த புறநானூற்றைப் பாருங்கள். தான் ஒழுங்குபடுத்தியதால் முந்தைய கை அழிந்துவிடக் கூடாது என்ற கவனம் அது. நான் அதைத்தான் செய்யவில்லை.

கிட்டில் இதற்கு வழி 2019லேயே, 2.23 பதிப்பில் வந்துவிட்டது. அழகுபடுத்தலை மட்டும் தனி கமிட்டாகப் போட்டு, அதன் எண்ணை ஒரு கோப்பில் எழுதி, பிளேமுக்கு அந்தக் கோப்பைக் காட்டினால் போதும். அதைத் தாண்டி உண்மையில் எழுதியவர் பெயரைக் காட்டும். என் கமிட்டைத் திரும்ப எடுத்து, இரண்டாகப் பிரித்து, மறுபடி ஏற்றினேன். திருத்தம் ஒரு வரி. அதில் மட்டும் இப்போது என் பெயர் இருக்கு.