பருத்தியும் தீக்குச்சியும்: ஒரு குடும்ப வரலாறு

வானம் பார்த்த கரிசல் பூமியாகிய விருதுநகர் வட்டாரத்தின் வரலாற்றை எழுதுவோர் வணிகத்தையும் தொழிலையும் முன்வைத்தே பெரும்பாலும் எழுதுகின்றனர். அதனைச் செடிகொடிகளின் வழியாகவும் எழுதலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நான் சிறுமியாக இருந்த நாளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டிக் கட்டை அடுக்கும் வேலை நடக்கும். குச்சிகளை வரிசையாகச் செருகிக்கொண்டிருந்த அம்மாவிடம், "இது எந்த மரத்துக் குச்சிம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "ஏதோ மலையாளத்து மரம்" என்றார். பருத்திக் காட்டில் களையெடுத்து வளர்ந்த அவருக்கு அங்குள்ள ஒவ்வொரு பூண்டின் பெயரும் தெரியும். நாள்தோறும் கையில் புழங்கிய மரத்தின் பெயர் தெரியவில்லை. அக்கேள்விக்கு விடை காணப் பல ஆண்டுகள் ஆயின.

தாவரங்களை இனம் பிரித்தறியும் முயற்சி தமிழில் மிகப் பழமையானது. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பகுக்கின்றது. பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லினுள் அடங்கும். இக்காலத் தாவரவியலாரும் இம்மூன்றையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்னும் ஒரே பெரும்பிரிவில் வைப்பது ஒப்பிட்டு மகிழத்தக்கது. தொல்காப்பியர் தண்டின் வயிரத்தை நோக்கினார். மேலைநாட்டார் பூவின் அமைப்பை நோக்கினர்.

லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கு இருபெயரிடும் முறையை நிலைநாட்டினார். 1789இல் ஜூசியூ பல பண்புகளையும் ஒருங்கே நோக்கி அவற்றைக் குடும்பங்களாக வகுத்தார். இயற்கை உறவின் அடிப்படையிலான அம்முறையைத் தென்னாட்டுத் தாவரங்களுக்குப் பொருத்திக் காட்டியவர்களுள் தலையாயவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ராபர்ட் வைட். வாக்கர் ஆர்னட்டுடன் இணைந்து 1834இல் நூல் வெளியிட்ட அவர், 1838 முதல் 1853 வரை பெரும் படத்தொகுதிகளையும் கொணர்ந்தார். அவருக்காகப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள். கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் பணியும் 1842 முதல் வைட்டிடமே இருந்தது. பூவை ஆராய்ந்தவரிடமே பஞ்சையும் ஒப்படைத்தது கம்பெனி.

பருத்தியின் குடும்பம் மால்வேசி. வீட்டு முற்றத்துச் செம்பருத்தியே இதனை அறியப் போதும். ஐந்து இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று திருகி நிற்கும். மகரந்தத் தாள்கள் ஒன்றிணைந்து குழலாகிச் சூல்தண்டைச் சூழும். இவ்வடையாளத்தைக் கண்டுகொண்டால் வெண்டை, துத்தி, பூவரசு ஆகியனவும் உறவினர் என்பது விளங்கும். ஒன்று உடை தருகிறது, ஒன்று கறியாகிறது, ஒன்று மூலநோய்க்கு நாட்டு மருந்தாகிறது, ஒன்று மரச்சாமான் ஆகிறது.

இனி, தீக்குச்சிக்கு வருவோம். கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். வறண்ட வானிலை அதற்கு வாய்ப்பாயிற்று. ஆனால் குச்சிக்கு வேண்டிய மென்மரம் கரிசலில் இல்லை. இங்குள்ள கருவேலும் உடையும் வன்மரங்கள். எனவே முள்ளிலவும் மட்டியும் கேரளத்திலிருந்து வந்தன. மட்டியும் அதன் இனமான பெருமரமும் சிமரூபேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. முள்ளிலவை நெடுங்காலம் பாம்பகேசி என்ற தனிக் குடும்பத்தில் வைத்திருந்தனர். மரபணுச் சான்றுகளைக் கொண்டு 1998இல் வெளியான புதிய வகைப்பாடு அதனை மால்வேசியோடு இணைத்தது. அஃதாவது, இலவமும் பருத்தியும் ஒரே குடும்பம்! அம்மா அடுக்கியது இலவங்குச்சியாயின், அவர் பருத்திக் காட்டை விட்டு வெளியேறவே இல்லை. அக்குடும்பத்தின் மற்றொரு கிளைக்கு வேலைக்குச் சென்றார், அவ்வளவே.

பட்டாசுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. வெடியுப்பு, கந்தகம், கரி என்பன பழைய வெடிமருந்தின் மூன்று பொருள்கள். அவற்றுள் கரி ஒன்றே தாவரம் தருவது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, பின்னர் நம் கண்மாய்களையும் தரிசுகளையும் கவர்ந்துகொண்ட சீமைக்கருவேல் இன்று கரிமூட்டங்களில் கரியாகிறது. அதன் நெற்று, துவரைக்கும் ஆவிரைக்கும் அது உறவு என்பதைக் காட்டிவிடும்.

குடும்பம் அறிதல் வெறும் பெயரறிதல் அன்று. விருதுநகர்ச் சந்தைக்குப் பெயர் தந்த மிளகாயும், கத்தரியும், தூதுவளையும் சொலானேசி குடும்பத்தவை. கொடிய நஞ்சாகிய ஊமத்தையும் அதே குடும்பமே. உறவை அறிந்தவர் பயனை ஊகிப்பார். கூடவே எச்சரிக்கையும் கொள்வார்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 மலர்களை என் மாணவியர் பிழையின்றி ஒப்பிப்பர். அப்பட்டியலில் உள்ள ஆவிரை கல்லூரிச் சாலையோரத்தில் பூத்து நின்றபோது அடையாளம் சொன்னவர் எவருமில்லை. அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. வேலியோரத் துத்தியை எனக்கே ஒரு மூதாட்டிதான் காட்டிக்கொடுத்தார். சொல் நம்மிடம் தங்கிவிட்டது, பொருள் கைநழுவிக்கொண்டிருக்கிறது. அம்மாவின் தலைமுறையோடு அதுவும் போய்விடும் என்ற அச்சமே என்னை இதனை எழுதத் தூண்டியது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்திற்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. ஆண்டுக்கு ஒரு கூட்டத்தையேனும் மண்டபத்தில் நடத்தாது, மழைக்குப்பின் கரிசல் காட்டில் நடத்துவோம். களையெடுக்கும் பெண்டிரைத் தலைமை ஏற்கச் செய்வோம். அவர்கள் பெயரைச் சொல்லட்டும், நாம் எழுதிக்கொள்வோம்.