அகமெம்னோனின் கோல்

செய்தவர் ஹெஃபேஸ்டஸ். கால் ஊனமானவர், ஒலிம்பஸ் மலைத் தேவர்களில் கரியும் வியர்வையுமாய் உலைக்களத்தில் நின்று வேலை பார்க்கும் கொல்லர். செய்த கோலை அவர் ஜீயஸுக்குக் கொடுத்தார். ஜீயஸ் தன் தூதர் ஹெர்மிஸுக்கும், ஹெர்மிஸ் பெலோப்ஸ் என்ற மனித அரசனுக்கும் கொடுத்தார்கள். பெலோப்ஸிடமிருந்து அது மகன் அட்ரியஸுக்கு வந்தது. அட்ரியஸ் சாகும்போது அதைத் தம்பி தையஸ்டிஸுக்கு விட்டுச்சென்றான். தையஸ்டிஸ், அட்ரியஸின் மகன் அகமெம்னோனுக்கு, ட்ராய்ப் போரில் கிரேக்கப் படைக்குத் தலைமை தாங்கிய அரசனுக்கு, விட்டுச்சென்றான். பல தீவுகளும் ஆர்கோஸ் முழுவதும் ஆளும் உரிமை அதோடு சேர்ந்தே வந்தது.

இலியட் இரண்டாம் காண்டத்தில் ஹோமர் இவ்வளவையும் எட்டு வரிகளில் சொல்லி முடித்துவிடுகிறார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வாங்கிய வில்லங்கச் சான்றிதழ் போல இருக்கிறது: யாரிடமிருந்து யாருக்கு, எந்த வழியில், வில்லங்கம் ஏதுமில்லை. இந்தக் குடும்பத்தை அறிந்த கிரேக்கன் எவனும் அதைச் சிரிக்காமல் படித்திருக்க முடியாது.

முதலில், பட்டியலில் ஒரு தலைமுறையையே காணோம். பெலோப்ஸின் அப்பா டான்டலஸ். தேவர்களை விருந்துக்கு அழைத்து, அவர்களுக்கு எல்லாம் தெரியுமா என்று சோதிக்கத் தான் பெற்ற மகனையே வெட்டிச் சமைத்துப் பரிமாறியவன். மகளைப் பறிகொடுத்த துயரத்தில் இருந்த டிமீட்டர் மட்டும் கவனிக்காமல் தோள்பட்டையைத் தின்றுவிட்டாள். தேவர்கள் பெலோப்ஸை உயிர்ப்பித்து, அந்த இடத்தில் தந்தத் தோள் பொருத்தினார்கள். அப்பன் கைக்குப் போகாத கோல் நேராக மகனிடம் வந்ததற்கு இது போதுமான காரணம்தான்.

ஆனால் மகனும் லேசுப்பட்டவன் இல்லை. பீசா நாட்டு அரசன் ஈனோமாஸின் மகள் ஹிப்போடாமியாவை மணக்க வேண்டுமென்றால் தேர்ப்பந்தயத்தில் அவனை வெல்ல வேண்டும். தோற்றவன் தலை போகும். பெலோப்ஸ், அரசனின் தேரோட்டி மிர்டிலஸை விலைக்கு வாங்கினான். மிர்டிலஸ் அச்சாணியைக் கழற்றிவிட்டு மெழுகில் செய்த ஆணியைச் செருகினான். சக்கரம் சூடேற மெழுகு உருகியது, தேர் சிதறியது, ஈனோமாஸ் செத்தான். கூலி கேட்ட மிர்டிலஸைப் பெலோப்ஸ் கடலில் தள்ளினான். விழும்போது அவன் இட்ட சாபம்தான் இந்த வம்சத்தைத் துரத்தியது என்பார்கள். மிர்டிலஸ் யார் பிள்ளை தெரியுமா? ஹெர்மிஸின் பிள்ளை. கோலைக் கொண்டுவந்து கொடுத்த அதே ஹெர்மிஸ்! ஒலிம்பியாவில் ஜீயஸ் கோயிலின் கிழக்கு முகப்பில் அந்தப் பந்தயம் தொடங்குவதற்கு முந்தைய கணத்தைப் பளிங்கில் செதுக்கி வைத்தார்கள். இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அட்ரியஸிடமிருந்து தையஸ்டிஸுக்கு என்று ஹோமர் சொல்லும் இடம்தான் மோசமானது. அண்ணன் மனைவி ஏரோப்பியைத் தம்பி வசப்படுத்தினான். அரசுரிமைக்கு அடையாளமான பொன் ஆட்டுக்குட்டியை அவள் மூலமாகவே கைப்பற்றினான். சமாதானம் பேசலாம் என்று கூப்பிட்ட அண்ணன், தம்பியின் பிள்ளைகளைக் கொன்று கறியாக்கி அவனுக்கே படைத்தான். தாத்தா தொடங்கிய சமையலைப் பேரன் முடித்தான். சூரியனே திசை மாறி ஓடியது என்கிறார்கள். பிறகு தையஸ்டிஸ் தன் மகளிடமே பெற்ற ஏஜிஸ்தஸ் வளர்ந்து அட்ரியஸைக் கொன்றான். ஆக, அட்ரியஸ் சாகும்போது தம்பிக்கு விட்டுச்சென்றான் என்பது ஒரு வகையில் உண்மைதான்! தையஸ்டிஸிடமிருந்து அகமெம்னோனுக்கு வந்ததும் இதே லட்சணம், விரட்டியடித்துத்தான் வாங்கினான்.

ஹோமருக்கு இந்தக் கதைகள் தெரியாதா? தெரிந்தே மூடி மறைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதே வரிகளில் பெலோப்ஸைக் குதிரையோட்டி என்றும், தையஸ்டிஸை ஆட்டுமந்தை மிகுந்தவன் என்றும் அழைக்கிறார். தேர்ப்பந்தயத்தையும் பொன் ஆட்டுக்குட்டியையும் நினைவூட்ட அது போதும்.

தூசிடிடிஸ் என்ற வரலாற்றாசிரியர் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இந்த வரிகளை வேறு கண்ணோடு பார்த்தார். சாபமும் பாசமும் அவருக்குப் பொருட்டில்லை. உள்நாட்டு அரசன் ஒருவன் பல தீவுகளை ஆண்டானென்றால் அவனிடம் கணிசமான கப்பல்கள் இருந்திருக்க வேண்டும், ட்ராய்க்குப் படை சேர்ந்தது அவன் மேலிருந்த அச்சத்தால்தான் என்று கணக்குப் போட்டார். கவிதையில் வந்த ஒரு கோல் கடற்படைக்குச் சாட்சியானது.

ட்ராய்க் கடற்கரையில் இந்தக் கோல் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான் விவரமாக வருகிறது. வீரர்களின் மனதைச் சோதிக்க அகமெம்னோன் கோலில் சாய்ந்தபடி, ஊருக்கே திரும்பிவிடலாம் என்கிறான். சொல்லி முடிப்பதற்குள் படை முழுக்கக் கப்பலை நோக்கி ஓடுகிறது. ஒன்பது வருடமாகக் காத்திருந்தவர்களாயிற்றே. ஒடிஸியஸ் ஓடிவந்து அகமெம்னோன் கையிலிருந்து கோலை வாங்கிக்கொள்கிறான். எதிர்ப்பட்டவர்கள் தலைவர்களென்றால் பக்குவமாகப் பேசித் தடுக்கிறான்; சாதாரண ஆளென்றால் அதே கோலால் அடி. கூட்டத்தில் தெர்சைட்டஸ் மட்டும் வாயை மூடவில்லை. கால் வளைந்தவன், கூன் விழுந்தவன், தலையில் நாலு மயிர். அகமெம்னோனைப் பார்த்து, உன் குடிசையில் வெண்கலமும் பெண்களும் நிறைந்து கிடக்கிறதே, இன்னும் என்ன வேண்டும், இவனை இங்கேயே விட்டுவிட்டு நாம் போவோம் என்கிறான். ஒடிஸியஸ் அவன் முதுகிலும் தோளிலும் ஓங்கி அடிக்கிறான். பொன்கோல் பட்ட இடத்தில் இரத்தம் கட்டிய தழும்பு புடைக்கிறது. தெர்சைட்டஸ் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறான், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். தேவர்கள் கைமாற்றித் தந்த பொருள் கடைசியில் ஒரு சிப்பாயின் முதுகுக்குத்தான் பயன்பட்டது. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பிற்பாடு டயோமிடிஸ் என்ற தலைவனும் அகமெம்னோன் முகத்துக்கு நேரே, ஜீயஸ் உனக்குக் கோலைக் கொடுத்தார், தைரியத்தைக் கொடுக்கவில்லை என்கிறான். அவன் பெரிய இடத்துப் பிள்ளை, அடி விழவில்லை.

போர் முடிந்து ஊர் திரும்பிய அகமெம்னோன் வீட்டிலேயே கொல்லப்பட்டான். மனைவி க்ளைடெம்னெஸ்ட்ராவும் ஏஜிஸ்தஸும் சேர்ந்து செய்தார்கள்; கி.மு. 458இல் ஈஸ்கிலஸ் அரங்கேற்றிய ஆரெஸ்டிஸ் முந்நாடகங்களின் கதை அது. கோல் என்ன ஆனது? சோஃபக்ளிஸின் ‘எலெக்ட்ரா’ நாடகம் சொல்கிறது. ஏஜிஸ்தஸ் கையில் இருந்தது. ஒரு நாள் க்ளைடெம்னெஸ்ட்ரா கனவு காண்கிறாள். செத்த புருஷன் திரும்பி வந்து அந்தக் கோலை எடுத்து வீட்டு அடுப்பங்கரையில் நடுகிறான். அது துளிர்த்து, கிளைவிட்டு, மைசீனி நாடு முழுவதையும் நிழலால் மூடுகிறது. வெளியூரில் வளர்ந்த மகன் ஆரெஸ்டிஸ் பழிவாங்க வருகிறான் என்று அர்த்தம். இலியட் முதல் காண்டத்தில், சபையில் பேசுபவர் கையில் தரும் கோலைத் தூக்கி அகிலீஸ் ஆணையிடுகிறான்: மலையில் வெட்டிய பிறகு இனித் துளிர்க்காத இந்தக் கோலின் மேல் ஆணை என்று. சோஃபக்ளிஸ் அதை மனதில் வைத்துத்தான் இந்தக் கனவை எழுதியிருப்பார் என்பது என் எண்ணம்.

ஆரெஸ்டிஸ் தாயைக் கொன்றான். அக்கா எலெக்ட்ரா, அவன் நண்பன் பிலாடிஸை மணந்து ஃபோகிஸ் நாட்டுக்குப் போனாள். கோலும் அவளோடு போயிருக்கும் என்று நம்பினார் பௌசானியஸ். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கமெங்கும் கோயில் கோயிலாகச் சுற்றி எழுதிய பயணி அவர். கெரோனியா என்ற சிற்றூரில் அந்தக் கோலைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள் என்று பதிவு செய்கிறார். கி.மு. 338இல் மாசிடோனிய அரசன் ஃபிலிப் கிரேக்கர்களைத் தோற்கடித்த ஊர். எழுத்தாளர் புளூடார்க் பிறந்த ஊரும் அதுதான். கெரோனியாவுக்கும் ஃபோகிஸின் பனோப்பியஸுக்கும் இடைப்பட்ட எல்லையில் கோல் கிடைத்ததாம், கூடவே கொஞ்சம் பொன்னும். ஃபோகிஸ்காரர்கள் பொன்னை எடுத்துக்கொண்டார்கள். கெரோனியாக்காரர்கள் கோலே போதும் என்று மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் ஈட்டி. ஏதோ பழங்கால மறவனின் கல்லறை அகப்பட்டு, அதிலிருந்து எடுத்ததாக இருக்கலாம் என்று நான் ஊகிக்கிறேன். ஹோமரின் கோல் பொன்னாலானது. பொன் வேறு, கோல் வேறு என்று பங்கு போட முடிந்ததே அந்தச் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

அதற்குத் தனிக் கோயில் கட்டவில்லை. அந்தந்த வருடத்துப் பூசாரியின் வீட்டில் வைத்திருப்பார்கள். தினமும் பலி உண்டு. பக்கத்தில் ஒரு மேசை, அதில் எல்லா வகை இறைச்சியும் பணியாரங்களும். வருடம் முடிந்தால் அடுத்த பூசாரி வீடு. பௌசானியஸ் லேசில் எதையும் நம்புகிறவர் அல்லர். லிசியாவின் பட்டாரா ஊரில் ஹெஃபேஸ்டஸ் செய்தது என்று காட்டிய வெண்கலக் கிண்ணத்தை, வெண்கலம் வார்க்கும் முறையே பிற்காலத்தது என்று சொல்லி ஒதுக்கினார். சைப்ரஸின் அமாத்தஸில் பழங்கதையில் வரும் எரிஃபிலியின் மாலை என்று காட்டியதை, ஹோமர் சொன்னது வெறும் பொன், இதிலோ பச்சைக் கற்கள் இருக்கின்றன என்று தள்ளினார். ஹெஃபேஸ்டஸ் கைவேலை என்று கவிஞர்கள் பாடிய எல்லாவற்றிலும் உண்மையானது கெரோனியாக் கோல் ஒன்றுதான் என்பது அவர் தீர்ப்பு.