அளக்காத மூச்சுக்கு வாங்கிய மருந்து: மஸ்ஜித் தானா வட்டாரத்தை முன்வைத்து

குறட்டை விடுபவருக்குத் தன் குறட்டை தெரியாது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். "சத்தம் திடீர்னு நின்னுடும். கொஞ்ச நேரம் மூச்சே இருக்காது. அப்புறம் திணறிக்கிட்டு இழுப்பாரு" என்று மனைவி சொல்வது மருத்துவ வரையறைக்கு மிக அருகில் நிற்கிறது. உறக்கத்தில் மூச்சோட்டம் பத்து விநாடியாவது நிற்பதையும் கணிசமாகக் குறைவதையும் மணிக்கு எத்தனை முறை என்று எண்ணுகிறார்கள். 5 முதல் 15 வரை லேசான உறக்க மூச்சுத்தடை, 30ஐ எட்டினால் கடுமையானது. உறங்கும்போது கருவி பூட்டி அளக்காமல் இந்த எண் கிடைக்காது. எண் கிடைக்கும் முன்பே சிகிச்சையை வாங்கிவிடலாம் என்பதே இன்றைய சிக்கல். வாங்கிய பொருள் செய்யும் தீங்கைவிட, அது மறைத்துவிடும் நோயே பெரிய ஆபத்து என்பது என் வாதம்.

அறிகுறியைச் சொல்லி மருந்து வாங்கும் பழக்கம் மலேசியத் தோட்டப்புறத்தில் தானாக முளைத்ததன்று. பால்மரக் காலத்தில் மருத்துவர் எப்போதாவது வந்துபோவார்; அன்றாடம் கையில் கிடைத்தவர் டிரஸர் எனப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளர்தான். அவர்களுக்கான பதிவுச் சட்டமே 1965இல்தான் வந்தது. காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் அந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. அதை இளக்காரமாகப் பேசுவோர், அது இல்லாவிட்டால் அங்கே வேறென்ன இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் உறக்க மூச்சுத்தடை அப்படிக் காட்டிக் கேட்கக்கூடிய நோயன்று. நோயாளி சொல்வதெல்லாம் "ராத்திரி தூக்கம் சரியில்ல, பகல்ல அசதி" என்பதுதான்.

அந்தச் சொல்லை நம்பித் தூக்க மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும்? தொண்டைத் தசைகள் மேலும் தளரக்கூடும்; மூச்சு முட்டும்போது உடலை உலுக்கி எழுப்பும் அனிச்சை மழுங்கும். சம்சு என்னும் மலிவுச் சாராயமும் பீரும் இதையே செய்கின்றன. குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்பவரின் குறட்டை அன்றிரவு ஏன் கூடுகிறது என்பதற்கு இதுவே காரணம்.

இதைவிட நுட்பமான ஆபத்து ஆக்ஸிஜனில் இருக்கிறது. கோவிட் காலத்தில் பல வீடுகளுக்கு விரல்நுனி ஆக்ஸிமீட்டர் வந்தது. சில வீடுகளுக்கு ஆக்ஸிஜன் செறிவாக்கியும் வந்தது. விழித்திருக்கும்போது விரலில் மாட்டிப் பார்த்து 97 என்று நிம்மதியடைபவருக்கு, அதிகாலை மூன்று மணிக்கு அந்த எண் எங்கே விழுகிறது என்று தெரியாது. விழுவதாக ஐயுற்று ஆக்ஸிஜனை மட்டும் வைத்தால் எண் உயரும், அடைத்த தொண்டை திறக்காது. மூச்சுநிறுத்தங்கள் நீளவும் கூடும். மிகப் பருமனானவர்கள் சிலருக்கு இரத்தத்தில் கரியமிலவாயு ஏற்கெனவே தேங்கியிருக்கும். கண்காணிப்பில்லாத ஆக்ஸிஜன் அந்தத் தேக்கத்தைக் கூட்டும். காலைத் தலைவலியும் மயக்கம் போன்ற அசதியும்தான் வெளியே தெரியும். வீட்டாரோ, கருவியில் எண் நன்றாயிருக்கிறது என்பார்கள்.

இனி, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப். 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் குழு அறிவித்த இம்முறை, தொண்டை அடைப்பால் வரும் மூச்சுத்தடைக்கு இன்றும் முதன்மைச் சிகிச்சை. அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வகையை இணையத்தில் வாங்கலாம், பழையதும் கிடைக்கும். ஆனால் எல்லா மூச்சுநிறுத்தமும் தொண்டையில் நிகழ்வதில்லை. இதயம் பலவீனமானவர்களில் பலருக்கு மூச்சுவிடு என்ற கட்டளையே மூளையிலிருந்து வராமல் போகும். அத்தகையவர்களுக்காக உருவான ஏஎஸ்வி என்ற நுட்பமான கருவியைச் சோதித்த செர்வ்-எச்எஃப் ஆய்வு 2015இல் வெளியானபோது, இதயத்தின் இறைப்புத்திறன் குறைந்த நோயாளிகளில் கருவி பூட்டியவர்களிடையே இதயநோய் மரணம் கூடியிருந்தது தெரிந்தது. உறக்கத்தில் மூச்சு சீரானது, இறப்போ கூடியது. சிபேப்பும் ஏஎஸ்வியும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனால் பழைய பெட்டியை வாங்குபவருக்கு இரண்டும் ஒரே "மிஷின்"தான். காலையில் திரையில் 2 என்று வந்தால் குணமாகிவிட்டது என்று தோன்றும். அந்த எண் மூச்சோட்டத்தைக் கொண்டு கணித்தது. ஆக்ஸிஜனையோ இதயத்தையோ கருவி தானாகப் பார்ப்பதில்லை. பழைய கருவிக்கு இன்னொரு குறையும் உண்டு. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், ஒலித்தடுப்பு நுரை சிதைவதால், தன் கருவிகளை உலகெங்கும் திரும்பப் பெறத் தொடங்கியது. இரண்டாம் கையாக வாங்கியவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதபோது அந்த எச்சரிக்கை அவரைத் தேடி வராது.

எதிர்வாதம் வலுவானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. முழு உறக்க ஆய்வுக்கூடங்கள் பெருநகர மருத்துவமனைகளில் குவிந்துள்ளன. காத்திருக்கும் மாதங்களில் வண்டி ஓட்டிக்கொண்டே கண்ணயர்வது அதைவிடப் பெரிய ஆபத்தல்லவா? ஆம். இதற்கு 2013இல் தென் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பதில் வந்தது. சாய்-கோட்சர் குழுவின் ஆய்வில், வினாத்தாளும் வீட்டில் இரவு ஆக்ஸிஜன் பதிவும் கொண்டு தேர்ந்தெடுத்தவர்களை, பயிற்சி பெற்ற குடும்ப மருத்துவரும் செவிலியரும் கவனித்தனர். ஆறு மாதத்தில் அவர்களின் பகல் அசதி குறைந்த அளவு, நிபுணர் மையத்தில் கவனிக்கப்பட்டவர்களுக்குச் சளைக்கவில்லை. ஆக, நோயறிதலுக்குக் கோலாலம்பூர் வரை போயே தீர வேண்டும் என்பதில்லை. அளவீடு வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

மலாக்கா மாநிலத்து மஸ்ஜித் தானாவின் அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அங்கே வருபவர்களே இந்த நோய்க்கும் முதல் இலக்கு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களிடையே நீரிழிவு 31.4 விழுக்காடு, நாட்டின் சராசரி 18.3. 2008இல் டொரோண்டோவில் பிரான்சிஸ் சுங் குழு வெளியிட்ட ஸ்டாப்-பாங் வினாத்தாளில் எட்டே கேள்விகள். அவற்றில் ஒன்று, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா என்பது. அதற்கு மனைவியை உள்ளே அழைத்தால் போதும். வினாத்தாள் நோயை உறுதிப்படுத்தாது. யாருக்கு முதலில் இரவுப் பதிவு வேண்டும் என்று மட்டும் காட்டும். இதயநோயும் நுரையீரல் நோயும் முற்றியவர்களுக்கு வீட்டுச் சோதனையும் பொருந்தாது, அவர்களை மலாக்கா பெரிய மருத்துவமனைக்கு அனுப்பத்தான் வேண்டும்.

எனக்குக் கவலை தருபவர்கள் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர்கள். ஓட்டுநர் உரிமத்தை உத்தேசித்து, நோய் பதிவாவதற்கே அவர்கள் அஞ்சினால் வியப்பில்லை. கமுக்கமாகக் கருவி வாங்கத் தூண்டுவதும் அந்த அச்சமாகவே இருக்கலாம். சிகிச்சையில் உள்ளவர் கருவியை இரவில் எத்தனை மணி நேரம் பூட்டினார் என்று அதன் நினைவு அட்டை காட்டும். அதைச் சான்றாக ஏற்று உரிமத்தைத் தொடர அனுமதிக்கும் தெளிவான விதி ஓட்டுநர் காதுக்கு எட்டாதவரை, கிளினிக் எத்தனை கேள்வி கேட்டாலும் அவர் "நல்லாத்தான் தூங்குறேன்" என்றே சொல்வார்.