பின்கட்டு அறை

சரித்திரம் என்றால் ராஜாக்களும் யுத்தங்களும்தான் நம் ஞாபகத்துக்கு வருகின்றன. தலைக்கு மேலே இருக்கிற கூரைக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று நானும் வெகு காலம் எண்ணியதில்லை. எண்ண வைத்தது வண்டியூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் ஓர் அறை.

வண்டியூரைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கிய கள்ளழகர் வந்து தங்கும் ஊர் அது. அழகர் வருகிற சமயம் பார்த்துத்தான் சூரிய பகவானும் வருகிறார். இது வேடிக்கைப் பேச்சு அல்ல. மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கிறது. ஆகையால் ஏப்ரல் மாத நடுவில், சித்திரை பிறக்கிற நாட்களில், நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அப்போது சுவர்களின் மேல் படும் வெயில் குறைவு. கூரைக்குத்தான் முழு அபிஷேகம். வெப்பத்தை வீட்டுக்குள் விடுவதா, வாசலோடு அனுப்பி விடுவதா என்பது பெரும்பாலும் கூரையின் கையில்தான் இருக்கிறது.

இந்த உண்மை நம் முன்னோருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலுக்குள் ஒரு நடுப்பகலில் நுழைந்து பாருங்கள். தெருவின் கொதிப்பு வாசலிலேயே நின்றுவிடும். செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பிய கனத்த வளைவுகளும் எட்டாத உயரத்து விதானமும் செய்கிற வேலை அது. அந்த மகாலின் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம்தான் பிறகு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஆயிற்று என்று மதுரையில் சொல்வார்கள்.

அரசனுக்கு மகால் என்றால், கொஞ்சம் வசதி உள்ள குடும்பத்துக்குக் கட்டைக்குத்து வீடு. தேக்கு உத்தரங்களை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாகக் குத்துவாட்டில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் சல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இத்தனையும் தாண்டி வெயில் உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பிறகு வீட்டார் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். ஏழைக்குக் கீற்றுக் கூரை. அதுவும் லேசுப்பட்டது அல்ல. கீற்றுக்கும் கீற்றுக்கும் நடுவே அடைபட்ட காற்று வெயிலை மறித்துக்கொண்டு இருந்தது.

எங்கள் தாத்தா கட்டிய வீட்டின் முன்கட்டு கட்டைக்குத்து. பின்கட்டில் ஒரு சின்ன அறை. 1976-இல் நான் அதை இடித்துவிட்டு கான்கிரீட் அறை கட்டினேன். அம்மாவுக்கென்று தனி அறை, மின்விசிறியோடு! எனக்கு அப்போது அதில் சொல்ல முடியாத பெருமை. பழைய தளத்தை உடைத்த அன்று, காரைக்கு அடியிலிருந்து வரிசை வரிசையாகக் கவிழ்த்து வைத்த மண்பானைகள் வெளிப்பட்டன.

"தாத்தா கூரை மேலே பானைக் கடை வைத்திருந்தார் போலிருக்கிறதே!" என்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "அதுங்க இருக்கறதாலதாம்ப்பா உள்ளே குளுகுளுன்னு இருந்துச்சு. உங்க தாத்தா சொல்லுவாக" என்றாள்.

"அதெல்லாம் அந்தக் காலம்மா. கான்கிரீட் நூறு வருஷம் நிற்கும்" என்று நான் பதில் சொன்னேன்.

அம்மா நல்ல பானை ஒன்றை எடுத்து, அதில் துளசி வைத்தாள். மற்றவற்றைச் சித்தாள்கள் கொண்டுபோனார்கள்.

கான்கிரீட்டின் சரித்திரத்தை நான் படித்தது அதற்கு வெகு காலம் கழித்துத்தான். 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தர் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமை பெற்றார். 1867-இல் பிரான்சில் ஜோசப் மோனியே என்ற தோட்டக்காரர் இரும்புக் கம்பி வலையைச் சிமெண்டுக்குள் புதைத்து அதற்கு உரிமை பெற்றார். எதற்காகத் தெரியுமா? பூந்தொட்டி செய்வதற்காக! தொட்டியில் பிறந்த அந்த வித்தைதான் உலகம் முழுவதும் கூரையாகப் பரவி, எங்கள் வீட்டுப் பானைகளையும் கீழே இறக்கியது.

கான்கிரீட்டைக் குறை சொல்வது நன்றி கெட்ட காரியம். கறையானுக்கும் தீக்கும் பயந்து வாழ்ந்த கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு அது நிம்மதி கொடுத்தது. ஆனால் அது வெப்பத்தைத் தடுக்கத் தெரியாத பிள்ளை. பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகிற நேரத்தில் தலையில் இறக்கும்.

அம்மா சித்திரை, வைகாசி மத்தியானங்களில் தலையணையை எடுத்துக்கொண்டு முன்கட்டுக்கு வந்துவிடுவாள். நான் அதைப் பழக்கத்தின் பிடிவாதம் என்று நினைத்தேன். கடைசி இரண்டு கோடைகள் அவளால் எழுந்து நடக்க முடியவில்லை. முன்கட்டில் என்னைப் பார்க்க வருகிறவர்கள் கூட்டம். ஆகவே அவள் பின்கட்டிலேயே கிடந்தாள். நான் கூரை மேல் சாக்கு விரித்துத் தண்ணீர் தெளித்தேன். அரை மணியில் காய்ந்துவிடும். அம்மா ஒரு நாளும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது.

சென்ற மாசியில்தான் அந்தக் கூரைக்கு விமோசனம் பிறந்தது. "இடிக்க வேணாம் சார், மேலே நுரைப் பலகை போட்டுடலாம்" என்றார் கொத்தனார். தெர்மாகோல் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. 2017 ஏப்ரலில் வைகை அணையில், தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்க விட்டார்கள், காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கியது, நாடே சிரித்தது. அதை நினைவூட்டினேன். "அதுக்கு மேலே பாரம் இல்லியே சார்" என்றார் அவர், ஒரே வார்த்தையில்.

வெடிப்புகளை அடைத்தார், நீர் இறங்காத பூச்சுப் பூசினார், இரண்டு அங்குல நுரைப் பலகைகளைச் சந்து விடாமல் பரப்பினார், கம்பி வலையோடு சிமெண்டுக் காரை போட்டு, வெள்ளை ஓடு பதித்தார். நுரை எளிதில் தீப்பிடிக்கும், வெயில் பட்டால் உதிரும். ஆகவே மேலே காரை அவசியம். கூரைக்கு அடியில் ஒட்டுவதைவிட மேலே போடுவதுதான் உத்தமம். அப்போது கான்கிரீட்டே சூடேறாமல் தப்பிக்கிறது.

வேலை நடந்த அன்று ஒரு துண்டை ஒடித்துப் பார்த்தேன். உள்ளே சிறு சிறு மணிகள். ஒவ்வொரு மணிக்குள்ளும் அடைபட்ட காற்று. நூற்றுக்குச் சுமார் 98 பங்கு காற்றுதான்! அசையாமல் நிற்கிற காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. ஒரே கனமுள்ள தெர்மாகோலைவிடக் கான்கிரீட் சுமார் 40 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். தாத்தா பானைக்குள் பிடித்து வைத்ததும் இதே காற்றைத்தான். பானை கடுகளவு சிறுத்துவிட்டது, தத்துவம் மாறவில்லை.

இந்த நுரைக் குடும்பத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1937-இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்ற ரசாயன நிபுணர் பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தார். குமிழி விழுந்த ஆரம்பகாலத் துண்டுகளைப் பார்த்தவர்கள், ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டி செய்யத்தான் இது லாயக்கு என்று கேலி செய்தார்களாம். பின்னால் அந்தக் குமிழிகளே குளிர்ப்பெட்டிகளையும் குளிர் நாட்டு வீடுகளையும் காத்தன. அதற்கும் ஒரு தோஷம் இருந்தது. அந்த நுரையை ஊத வைத்த வாயுக்கள் வானத்து ஓசோன் படலத்தை அரித்தன. 1987-இல் மாண்ட்ரீலில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. நம் நாட்டு நுரைத் தொழிலும் அப்படிப்பட்ட வாயு ஒன்றை 2020 ஜனவரி முதல் தேதியோடு கைவிட்டது. புதுமைக்கும் தவறு நேரும். திருத்திக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

சித்திரை வந்தது. ஒரு மத்தியானம் ஸ்டூல் மேல் ஏறி, பின்கட்டு அறையின் விதானத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் தோசைக்கல்லைத் தொட்டது போலிருக்கும். இப்போது காய்ச்சல் விட்ட குழந்தையின் நெற்றியைப் போல இருந்தது. இறங்கி வந்து, அம்மாவின் கட்டில் கிடந்த இடத்தில் பாயை விரித்துப் படுத்தேன். ஐம்பது வருஷத்துக்கு முன் ஒரு நிமிஷம் சிரிக்காமல் நின்று, 'இந்தப் பானைகள் என்ன செய்கின்றன?' என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

வேலை முடிந்த அன்று கொத்தனார் புறக்கடையில் கிடந்த துளசிப் பானையைக் காட்டி, "பழசாயிருச்சு சார், தூக்கிப் போட்டுரவா?" என்று கேட்டார்.

"வேண்டாமப்பா" என்றேன். "அது இருக்கட்டும்."