கன்னியாகுமரி மாவட்டச் செவிலியர்: வெளிநாட்டுப் பதிவும் பணியும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் நர்சிங் படித்தவர் வேறொரு நாட்டில் செவிலியராக வேலை பார்க்க வேண்டுமானால், அந்த நாட்டின் பதிவு அமைப்பிடம் தம் தகுதியைப் புதிதாக மெய்ப்பித்தாக வேண்டும். சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமன் முதலிய வளைகுடா நாடுகளும், பிரிட்டன், அயர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகியவையும் இங்குள்ளோர் நாடும் இடங்கள். படிப்பு ஒன்றுதான், அதைச் சோதிக்கும் முறை நாட்டுக்கு நாடு மாறுகிறது. விசாவும் விமானச்சீட்டும் இந்த வழியின் கடைசிச் சில வாரங்கள் மட்டுமே. அதற்கு முந்தைய ஆண்டுகள் சான்றிதழ் சேகரிப்பதிலும் தேர்விலும் போகின்றன. சான்றுகள் பலவற்றுக்கும் காலாவதித் தேதி உண்டு என்பதால், பணத்தைவிட வயதே இதில் அதிகம் செலவாகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டுடன் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர்; சென்னை ஏறத்தாழ 700. பயிற்சி மையம், ஏஜென்ட், விமான நிலையம் என்று கண் மேற்கே போகும். ஆனால் பதிவுச் சான்றும் பல்கலைக்கழக ஆவணமும் சென்னையிலிருந்து வர வேண்டும். மாவட்டத்துச் செவிலியரின் பாதி அலைச்சலுக்குக் காரணம் இந்த நிலப்படம்தான்.

பின்னணி

இங்கே முதலில் நடந்தது எதிர்த்திசைப் பயணம். லண்டன் மிஷனரி சங்கத்தின் மருத்துவப் பணி நெய்யூரில் 1838இல் தொடங்கியது. 1922, 1924 எவரெஸ்ட் முயற்சிகளில் பங்கேற்ற அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல் 1923 முதல் நெய்யூரில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பணியாற்றினார். நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் ஹாரி ஆண்ட்ரூஸ் 1893 வாக்கில் தொடங்கிய சிறு மருந்தகம் பின்னாளில் கேத்தரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது. ஆண்ட்ரூஸ் 1919இல் வசீரிஸ்தான் போர்முனையில் காயம்பட்டோரைக் காக்கையில் இறந்தார்; அவருக்கு விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. 1906இல் சுவிட்சர்லாந்தின் மென்சிங்கனைச் சேர்ந்த திருச்சிலுவைச் சகோதரிகள் திருவிதாங்கூர் அரசு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்ற வந்தனர். வந்த நாட்டில் அவர்களைச் சோதிக்கப் பதிவு மன்றம் என்று ஒன்று அப்போது கிடையாது. சென்னை மாகாணத்திலேயே செவிலியர், மருத்துவத் தாதியர் சட்டம் 1926இல்தான் வந்தது.

பிறர் உடலைத் தொட்டுக் கழுவும் வேலை என்று மேல்சாதிக் குடும்பங்கள் ஒதுக்கிய தொழில் இது. மிஷன் மருத்துவமனைகளை ஒட்டி வாழ்ந்த கிறிஸ்தவக் குடும்பங்களின் பெண்கள் அதை ஏற்றார்கள். படிப்பு, தங்குமிடம், சம்பளம் மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைத்ததும் அதற்கு ஒரு காரணம். பிறகு வளைகுடாப் பணம் ஊருக்குள் வந்தபோது, ஒதுக்கியவர்களும் மகளை நர்சிங்கில் சேர்க்க வரிசையில் நின்றனர்.

இன்று நெய்யூர், நாகர்கோவில், குலசேகரம், குழித்துறை, ஆற்றூர், சுங்கான்கடை, கருங்கல் என்று மாவட்டம் முழுக்க நர்சிங் கல்லூரிகள் பரவியுள்ளன. பெங்களூருக்குப் போய்ப் படித்தோரும் ஏராளம். அவர்கள் முதலில் கர்நாடகக் கவுன்சிலில் பதிவு பெற்றிருப்பதால், வெளிநாட்டு மன்றம் கேட்கும் சரிபார்ப்பை அங்கிருந்தே வாங்க வேண்டும்.

படிப்பும் முதற்பதிவும்

நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங், மூன்றாண்டு ஜி.என்.எம். பட்டயம் ஆகிய இரண்டும் செவிலியர் பதிவுக்கு வழி. பட்டப்படிப்புக்குரிய பல்கலைக்கழகம் சென்னை கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். மிஷன் மருத்துவமனைப் பள்ளிகள் பலவற்றின் பட்டயத் தேர்வை நடத்துவது கிறிஸ்தவ மருத்துவச் சங்கத்தின் தென்னிந்திய நர்சிங் கல்வி வாரியம். தேர்ச்சிக்குப் பின் தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமத்தில் பதிய வேண்டும். சாந்தோம் நெடுஞ்சாலையிலுள்ள இந்த அலுவலகத்தைச் செவிலியர் ‘கவுன்சில்’ என்றே சொல்வார்கள்.

இங்கு ஒருவர் ஒரே மூச்சில் செவிலியராகவும் மருத்துவத் தாதியாகவும் பதிவாகிறார். பிரிட்டன் பதிவேட்டில் தாதியருக்குத் தனிப் பகுதி. இந்தியச் செவிலியர் அங்கே போனால் பொதுச் செவிலியர் பகுதியில்தான் இடம். ஊரில் பிரசவ அறையில் பத்தாண்டு நின்றவர் அங்கே பிரசவம் பார்க்க முடியாமல் போவது இதனால்தான்.

வெளிநாட்டு மன்றங்கள் பொதுவாகக் கேட்பவை மூன்று. பாடவாரியாக வகுப்பு நேரமும் மருத்துவமனைப் பயிற்சி நேரமும் காட்டும் ‘டிரான்ஸ்கிரிப்ட்’. பதிவு நடப்பில் உள்ளது, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இல்லை என்று கவுன்சில் தரும் ‘குட் ஸ்டாண்டிங்’ சான்று. வேலை பார்த்த இடங்களின் அனுபவச் சான்று. இவற்றில் பலவும் விண்ணப்பித்தவர் கையில் தரப்படாமல், நிறுவனத்திலிருந்து நேரடியாக அந்த மன்றத்துக்குப் போக வேண்டும். படித்த பள்ளி மூடப்பட்டிருந்தாலோ பழைய பதிவேடு கிடைக்காவிட்டாலோ வேலை அங்கேயே நின்றுவிடும். உள்ளூரில் சில தனியார் மருத்துவமனைகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, ‘பாண்டு’ எனும் ஒப்பந்தக் காலம் முடியாமல் தர மாட்டோம் என்று சொல்வது இன்னொரு முட்டுக்கட்டை.

பெயரும் முன்னெழுத்தும்

மேலைநாட்டுப் படிவங்கள் குடும்பப்பெயர், சொந்தப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்திருக்கின்றன. தமிழருக்கு முன்னெழுத்துதான் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். மேரி ஸ்டெல்லா’ என்றிருப்பவர் பாஸ்போர்ட்டில் ‘மேரி ஸ்டெல்லா செல்வராஜ்’ ஆகிறார். திருமணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் முன்னெழுத்து கணவருடையதாக மாறியிருக்கும். ஞானஸ்நானப் பெயர் ஓரிடத்தில், பள்ளிப் பெயர் ஓரிடத்தில் என்ற குழப்பமும் கடற்கரை ஊர்களில் சாதாரணம். இந்த ஊரில் இதை யாரும் வேறு வேறு ஆளாக எண்ணுவதில்லை. ஆனால் கோப்பைப் பார்க்கும் சரிபார்ப்பு நிறுவனத்துக்கு அது மூன்று பேர்.

மூவரும் ஒருவரே என்று நோட்டரி பிரமாணப் பத்திரமோ தாசில்தார் சான்றோ வாங்குவது முதற்படி. அது போதாதென்றால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, கவுன்சில் பதிவையும் பாஸ்போர்ட்டையும் திருத்த வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் எல்லா ஆவணங்களிலும் முன்னெழுத்தை விரித்து ஒரே வடிவில் எழுதி வைத்தவருக்குப் பல மாதங்கள் மிச்சமாகும். கல்லூரிகள் முதலாண்டிலேயே சொல்லித்தர வேண்டிய செய்தி இது; பெரும்பாலோர் இதை ஏஜென்ட் வாயிலாகத்தான் அறிகிறார்கள்.

வளைகுடா வழி

வளைகுடா நாடுகளுக்கு மூன்று வாசல்கள். முதலாவது அனுபவம்: பொதுவாக இரண்டாண்டு மருத்துவமனைப் பணி. எத்தனை படுக்கை கொண்ட மருத்துவமனை, எந்த வார்டு என்பதையும் சான்றில் எழுதச் சொல்வது வழக்கம். இரண்டாவது ‘டேட்டாஃப்ளோ’: படிப்பு, பதிவு, அனுபவம் ஆகியவற்றை வழங்கிய இடத்திலேயே விசாரித்து அறிக்கை தரும் நிறுவனம். மூன்றாவது ‘புரோமெட்ரிக்’ என்று அழைக்கப்படும் கணினித் தேர்வு. துபாய்க்கு ஓர் ஆணையம், அபுதாபிக்கு ஒன்று, சவூதிக்கு ஒன்று என்று உரிமம் தருவோர் வேறு வேறு. இவற்றோடு சான்றிதழ்களுக்கு அரசு மற்றும் தூதரக ‘அட்டஸ்டேஷன்’ தனி.

பணியில் நீண்ட இடைவெளி இருந்தால் உரிமம் கிடைப்பது கடினம். அமீரகத்தில் இரண்டாண்டு என்பது முக்கியமான எல்லை. திருமணம், பிரசவம், குழந்தை வளர்ப்பு என்று வீட்டிலிருந்த பெண் மறுபடி ஊரில் ஒரு மருத்துவமனையில் குறைந்த சம்பளத்தில் சேர்ந்து, அனுபவத்தை உயிர்ப்பித்த பிறகே விண்ணப்பிக்க முடியும். இந்த விதி எழுத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. நடைமுறையில் யாரைத் தடுக்கிறது என்பது வெளிப்படை.

ஏஜென்டும் அரசும்

2015இல் குவைத் அரசு வேலைக்கு ஆள் எடுத்த கொச்சி முகவர் நிறுவனம் ஒன்றின் மீது மத்திய புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. சட்டப்படி 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஆளுக்கு 19.5 லட்சம் ரூபாய் வரை வாங்கியதாகக் குற்றச்சாட்டு. அதே ஆண்டு ஏப்ரல் 30 முதல், குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியர் போவது அரசு சார்ந்த முகமைகள் வழியாகவே நடக்க வேண்டும் என்று இந்திய அரசு உத்தரவிட்டது. தொடக்கத்தில் அந்த முகமைகள் கேரளத்தின் நோர்கா ரூட்ஸ், ஒடெபெக் ஆகியவை. தமிழ்நாட்டில் 1978 முதல் செயல்படும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் பின்னர் இப்பட்டியலில் சேர்ந்தது.

நோர்கா கேரள மக்களுக்காக அமைந்தது. எல்லையோரத்தில் களியக்காவிளைக்கு இப்புறம் வீடு இருப்பவருக்கு அதன் அலுவலகம் ஒரு மணிநேரத் தொலைவில் இருந்தும், முகவரி காரணமாக ஒரு பக்கம் மூடிய கதவு. தமிழ்நாட்டு நிறுவனத்தின் அறிவிப்புகள் சென்னையை மையமாகக் கொண்டவை. இடையிலுள்ள இந்த இடைவெளியில்தான் மார்த்தாண்டத்தின் ஏஜென்டுகள் பிழைக்கிறார்கள். உரிமம் பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு உண்டு; அந்தத் தொகையோடு முடிந்த கதைகள் அரிது.

பிரிட்டன்

ஆங்கிலத் தேர்வில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். எழுத்துக்கு இந்தத் தளர்வு 2018 டிசம்பரில் வந்தது. மருத்துவத் துறைக்கென்றே உள்ள ஓ.இ.டி. தேர்வில் ‘பி’ தரமும் எழுத்தில் ‘சி பிளஸ்’ தரமும் போதும். நோயாளியைப் பற்றிக் கடிதம் எழுதச் சொல்வதால் நம் செவிலியருக்கு ஓ.இ.டி. கைவருகிறது. அதன் பிறகு ஊரிலிருந்தே எழுதக்கூடிய கணினித் தேர்வு. கணக்குக்கு 15 கேள்வி, நர்சிங்குக்கு 100. அங்கே போனபின் ‘ஓஸ்கி’ எனும் செய்முறைத் தேர்வு. பத்து நிலையங்களில் நின்று, நோயாளியைக் கேட்டறிவது முதல் மருந்து கொடுப்பது, பதிவெழுதுவது வரை நேரக் கட்டுக்குள் செய்துகாட்ட வேண்டும். கைகழுவ மறந்தால் அல்லது நோயாளியின் பெயரைச் சரிபார்க்கத் தவறினால் திறமை எடுபடாது. ஊரில் நாற்பது நோயாளிக்கு ஒரு நர்ஸாக நின்று பழகியவருக்கு இந்த நிதானமே புதுப்பாடம்.

2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர் விசா திறந்ததும், ஆங்கிலத் தேர்வு கடக்க முடியாத செவிலியர் பலர் முதியோர் இல்லங்களில் ‘கேரர்’ வேலைக்குப் போயினர். 2023இல் பிரிட்டன் மன்றம், அங்கே சுகாதாரப் பணியில் இருப்போருக்கு மேலாளர் தரும் ஆங்கிலத் திறன் சான்றையும் ஒரு துணை ஆதாரமாக ஏற்கத் தொடங்கியது. அவர்களில் சிலருக்கு அது ஏணியானது. 2024 மார்ச்சில் கேரர்கள் குடும்பத்தை அழைக்கும் உரிமை நின்றது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து கேரர்களை எடுப்பதே நிறுத்தப்பட்டது.

பிற நாடுகள்

ஜெர்மனியில் நாடு முழுவதற்கும் ஒரே கவுன்சில் கிடையாது. மாநில அதிகாரிகளே படிப்பை மதிப்பிட்டுக் குறைகளைச் சுட்டுகிறார்கள். அதை அறிவுத் தேர்வாலோ தகவமைப்புப் பயிற்சியாலோ ஈடுகட்ட வேண்டும். அங்கீகாரத்துக்குப் பொதுவாக பி2 நிலை ஜெர்மன் தேவை. கிடைக்கும் வரை உதவியாளர் வேலை. நோயாளியைக் குளிப்பாட்டுவது, உணவூட்டுவது அங்கே செவிலியரின் அன்றாட வேலை. நம் ஊரில் அதைப் படுக்கையருகே இருக்கும் உறவினர் செய்துவிடுவதால், படித்துப் போனவர்களுக்கு முதல் மாதம் ஓர் அதிர்ச்சி.

அமெரிக்காவின் என்கிளெக்ஸ் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். குறைந்தது 85, கூடினால் 150 கேள்வி. தேர்ச்சி பெற்றாலும் குடியேற்ற விசா வரிசை பிறந்த நாட்டைப் பொறுத்தது. இந்தியாவில் பிறந்தவர் துபாயில் இருந்தாலும் இந்திய வரிசையில்தான் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கும் இதே தேர்வோடு அடிலெய்டில் செய்முறைத் தேர்வு உண்டு. பிரிட்டன், அயர்லாந்து போன்ற நாடுகளில் பதிவு பெற்று 1,800 மணிநேரம் பணியாற்றியவருக்கு 2025இல் ஆஸ்திரேலியா விரைவு வழி திறந்தது. வளைகுடா, பிறகு பிரிட்டன், பிறகு ஆஸ்திரேலியா என்று படிப்படியாக நகர எண்ணுவோருக்கு இது பெரிய மாற்றம்.

போரும் கடனும்

2014 ஜூனில் இராக்கின் திக்ரித் நகர மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர் ஐ.எஸ். படையினரின் பிடியில் சிக்கினர். மோசுலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, எர்பில் வழியாக ஜூலை 5 அன்று கொச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். 45 பேர் கேரளத்தவர், ஒருவர் தூத்துக்குடிக்காரர். முன்பே திரும்ப வாய்ப்பிருந்தும் பலர் தயங்கியதற்குக் காரணம், படிப்புக்கும் ஏஜென்டுக்கும் வாங்கிய கடன். 2015இல் ஏமனிலிருந்து இந்தியரை மீட்ட ‘ஆபரேஷன் ராஹத்’ நடவடிக்கையிலும் செவிலியர் பெருமளவில் இருந்தனர்.

போரைவிடச் சம்பளத்துக்கு அஞ்சும் நிலை ஏன் என்பதற்கு உள்ளூர்க் கணக்கே விடை. தமிழ்நாட்டில் 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த ஆயிரக்கணக்கான ஒப்பந்தச் செவிலியருக்குத் தொடக்க ஊதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் போராடினார்கள். தனியார் மருத்துவமனைகளுக்கு, 2016 உச்ச நீதிமன்ற ஆணையை ஒட்டி அமைந்த வல்லுநர் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது.

திரும்புவோர்

வெளிநாட்டில் இருக்கும் காலத்திலும் தமிழ்நாட்டுப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால், அடுத்த நாடு ‘குட் ஸ்டாண்டிங்’ கேட்கும்போது சிக்கல். 1947ஆம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக, தேசியச் செவிலியர் மற்றும் தாதியர் ஆணையச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. வெளிநாட்டில் வளர்ந்து அங்கேயே நர்சிங் படித்த அடுத்த தலைமுறையினர் நாகர்கோவிலில் வேலை பார்க்க விரும்பினால், அவர்களும் தம் பட்டத்துக்கு இந்திய அங்கீகாரம் கேட்டு விண்ணப்பித்து, பிறகு மாநிலக் கவுன்சிலில் பதிய வேண்டும்.